ஆதாரமில்லாத ஆறுதல்

1876-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், லண்டன் நகரத்தில் ‘மெடபிஸிகல் சொஸைட்டி’ என்ற பெயரோடு விளங்கிய தத்துவ விசாரணைச் சபையில், மதகுருமார்களும் விஞ்ஞானிகளும் பத்திரிகாசிரியர்களும் சரிசமமாக அமர்ந்து வாதம் செய்த அந்த அபூர்வமான சபையில், முப்பது வயதே ஆன கணிதப் பேராசிரியர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையைச் சமர்ப்பித்தார். வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்பது அவர் பெயர். மனிதன் எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதற்கு ஒரு தர்மம் உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட அவர், ஒரு கப்பல் முதலாளியின் கதையிலிருந்து தம் விசாரணையைத் தொடங்கினார்.

வெளிநாட்டில் குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டிய கப்பல் அது. பழையது, கட்டியபோதே செம்மையாகக் கட்டப்படாதது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. கடலுக்கு அனுப்புமுன் அதைச் சோதித்துச் செப்பனிட வேண்டுமோ என்ற சந்தேகம் முதலாளியின் மனத்தை அரிக்கிறது. செலவை எண்ணினாலோ நெஞ்சு பின்வாங்குகிறது. ஆகவே அவர் மெல்ல மெல்லத் தம் மனத்தைத் தேற்றிக்கொள்ளத் தொடங்குகிறார். எத்தனையோ புயல்களைத் தாண்டித் திரும்பிய கப்பல் இந்த ஒரு யாத்திரையிலா கைவிடப் போகிறது, நல்வாழ்வு தேடிப் போகும் இத்தனை பேரைத் தெய்வம் காப்பாற்றாமலா விட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லிச் சந்தேகத்தை அடக்கி, கடைசியில் கபடமே இல்லாத பூரண விசுவாசத்தோடு அவர்களை வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்துவிடுகிறார்.

இவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயம் இராது. ஆனால் கிளிஃபோர்ட் அவ்வளவில் நிற்கவில்லை. கப்பல் சுகமாகக் கரை சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் அணுவளவும் குறைந்திருக்காது என்றார். நம்பியது மெய்யாயிற்றா பொய்யாயிற்றா என்று பார்ப்பது வீண்; கண் முன்னே இருந்த ஆதாரங்களைக் கொண்டு அப்படி நம்புவதற்கு அந்த மனிதருக்கு உரிமை இருந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். பிரமாணம் போதாத இடத்தில் நம்பிக்கை கொள்வதை அவர் வெறும் அறியாமையாகக் கருதவில்லை, பாபமாகவே கருதினார். பெரிய மனிதர்களுக்கு மாத்திரம் இல்லாமல், சாராயக் கடையில் ஊர்க்கதை பேசும் குடியானவனுக்கும் வீட்டு வேலையில் மூழ்கிக் கிடக்கும் தொழிலாளியின் மனைவிக்கும் அந்த நியமத்தை விதித்தார்.

கப்பல் உடைவது எப்படியிருக்கும் என்பதை அவர் ஏட்டிலிருந்து மட்டும் அறிந்தவரல்லர். 1870 டிசம்பரில் சூரிய கிரகணத்தை ஆராய ஸிஸிலித் தீவுக்குச் சென்ற குழுவில் அவர் இருந்தார். அவர்கள் ஏறிய கப்பல் கடானியா நகரத்துக்கு அருகே உடைந்துபோயிற்று. அந்த விபத்திலிருந்து உயிர் தப்பியவரை க்ஷயரோகம் விடவில்லை. 1879-ஆம் ஆண்டில், மடீரா தீவில், தம் முப்பத்து மூன்றாவது வயதில் அவர் காலமானார். இளமையில் தீவிரமான கிறிஸ்தவ பக்தராக இருந்து, பின்பு அந்த விசுவாசத்தைத் துறந்தவர் அவர். ஆகையால், வாழ்வில் துக்கத்தையே அறியாத ஒருவன் பேசிய கடுமையான பேச்சு என்று அவருடைய வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

பிரமாணத்தைப் பற்றிய விசாரணை நமக்குப் புதிதன்று. மணிமேகலை வஞ்சி மாநகரத்தில் சமயக்கணக்கர்களைத் தேடிச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கும்போது, முதலாவதாக அவள் காணும் அளவைவாதி, கடவுளைப் பற்றிய பேச்சை எடுக்குமுன் அறிவதற்குரிய அளவைகள் எத்தனை என்று கணக்கிட்டுச் சொல்வதைக் காண்கிறோம். ஆனால் நம் தர்க்க நூல்கள் பெரும்பாலும் எது அறிவு என்று கேட்டவை. துயரத்தில் இருப்பவன் ஆதாரமில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடைந்தால் அவன் விவேகியா அவிவேகியா என்பது கிளிஃபோர்ட் கிளப்பிவிட்ட கேள்வி. அதற்கு அவரே சொன்ன விடை முழுவதும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த விடையை மறுத்து எழுந்தவர் அமெரிக்கத் தத்துவ ஞானி வில்லியம் ஜேம்ஸ். ஹார்வர்டில் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றும் வைத்தியத் தொழிலில் இறங்க மனம் வராமல், முதுகுவலியும் கண் நோவும் மனச்சோர்வும் ஒருங்கே வாட்ட, தற்கொலை எண்ணத்தின் விளிம்பு வரையில் சென்ற வாலிபப் பருவம் அவருடையது. மனிதன் இயற்கை விதிகளால் ஆட்டுவிக்கப்படும் இயந்திரமே, அவனுக்குச் சுதந்திரமான சங்கல்பம் என்று ஒன்று கிடையாது என்ற அக்கால விஞ்ஞானக் கொள்கை அவரைத் திணறச் செய்தது. 1870 ஏப்ரல் 30-ஆம் தேதி, பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் ரெனுவியேயின் கட்டுரையைப் படித்த அவர், தம் நாட்குறிப்பில் ஒரு தீர்மானம் எழுதினார். சங்கல்ப சுதந்திரம் உண்டு என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அது உண்டென்று நம்புவதையே தம் சுதந்திர சங்கல்பத்தின் முதல் காரியமாகச் செய்யப் போவதாகக் குறித்துக்கொண்டார். அத்துடன் ஒரு காலவரையும் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வரையில் இதை மாயையன்று என்று கொள்வோம் என்பது அவருடைய ஏற்பாடு.

ஜேம்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தீர்மானத்தின் வீரத்தைப் போற்றுகிறார்கள். அதில் அடங்கியிருக்கும் தவணையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனக்கோ அந்தத் தவணைதான் இந்த விஷயம் முழுவதற்கும் திறவுகோலாகப் படுகிறது. அவசரத்துக்குக் கைமாற்று வாங்குகிறவன், இது என் பணம் அன்று, இன்ன நாளில் கணக்குத் தீர்க்க வேண்டியது என்ற நினைவோடு வாங்குவதுபோல, அந்த வாலிபர் ஒரு நம்பிக்கையை வாங்கிக்கொண்டார். ஆதாரம் தம் கையில் இல்லை என்பதை அவர் தமக்குத் தாமே மறைத்துக்கொள்ளவில்லை. கப்பல் முதலாளி மறைத்துக்கொண்டார். இருவருமே ஆதாரமின்றி நம்பியவர்கள். ஒருவர் சோதிக்க வேண்டிய நாளைக் குறித்து வைத்தார், மற்றவர் சோதனையே நடவாதபடி பார்த்துக்கொண்டார்.

இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1896-இல், யேல், பிரௌன் கலாசாலைகளின் தத்துவ சங்கங்களில் நிகழ்த்திய சொற்பொழிவில் ஜேம்ஸ் கிளிஃபோர்டைப் பெயர் சொல்லியே மறுத்தார். தவறு செய்துவிடுவோமோ என்று அஞ்சி எதையும் நம்பாமல் இருப்பவனும் ஓர் உணர்ச்சிக்கு அடிமைதான். அந்த அச்சம் அவனுக்கு உண்மையையே நழுவவிடச் செய்யலாம். ஒரு கொள்கை நம் உள்ளத்தில் உயிரோடு நிற்பதாகவும், ஏற்பதா விடுவதா என்று தீர்மானிப்பதைத் தட்டிக் கழிக்க முடியாததாகவும், வாழ்க்கையையே மாற்றத் தக்க பெருமை உடையதாகவும் இருந்து, புத்தியைக் கொண்டு முடிவு காண வழியில்லாமலும் போனால், அப்போது இதயம் தீர்மானிப்பது நியாயமே என்று அவர் வாதாடினார். மலையேறுகிறவன் ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தாலன்றி உயிர் பிழைக்க வழியில்லாதபோது, தன்னால் முடியும் என்ற உறுதியே அவனுடைய கால்களுக்குப் பலம் தருகிறது. முடியாதென்று நடுங்குகிறவன் அந்த நடுக்கத்தாலேயே விழுகிறான் என்பது அவர் கையாண்ட பிரசித்தமான உதாரணம்.

உதாரணம் அழகானது, ஆனால் அபாயகரமானதும்கூட. குதிக்கிறவனின் கால்கள் அவனுடைய மனத்துக்குக் கட்டுப்பட்டவை. கப்பலின் பலகைகள் யாருடைய மனத்துக்கும் கட்டுப்பட்டவையல்ல. நம்புவதால் நம்பிய காரியம் கைகூடும் என்ற நியாயம் எதுவரையில் செல்லும், எங்கே நின்றுவிடும் என்று நிதானிப்பதில்தான் விவேகம் இருக்கிறது. இந்த எல்லையைத் தவறவிட்டதால் வியாதியஸ்தர்கள் பட்ட துன்பத்தை எண்ணும்போது என் மனம் கொதிக்கிறது.

1979-இல் லண்டன் வைத்தியர்கள் சிலர், மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில், நோயோடு போராடி வெல்வேன் என்ற மனோதைரியம் உடையவர்கள் அதிக காலம் பிழைத்திருக்கக் காண்கிறோம் என்று ஒரு சிறிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு கலாசாலையின் டேவிட் ஸ்பீகல் என்பவர், நோய் முற்றிய 86 பெண்களைப் பற்றிய ஆராய்ச்சியில், வாரந்தோறும் கூடி மனம் விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இருமடங்கு காலம் உயிரோடிருந்ததாக அறிவித்தார். உலகம் இந்தச் செய்தியை ஆவலோடு பற்றிக்கொண்டது. மனம் வைத்தால் புற்றுநோயையும் வெல்லலாம் என்ற வாக்கியம் புத்தகங்களிலும் மேடைகளிலும் உறவினர் வாயிலும் மந்திரமாயிற்று. ஆனால் 1999-இல் 578 பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட பிரிட்டிஷ் ஆராய்ச்சியில், போராடும் மனோபாவம் ஆயுளை நீட்டியதற்கு அடையாளமே இல்லை. அடியோடு மனமுடைந்து போனவர்களுக்கு மாத்திரம் ஆபத்து சற்று அதிகமாக இருந்தது. 2001-இல் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு நடந்த பரிட்சையிலும், 2007-இல் ஸ்பீகலே மறுபடி நடத்திய பரிட்சையிலும் ஆயுள் நீளவில்லை. ஒருவர் தாமே ஸ்தாபித்த முடிவைத் தாமே மறுபரிட்சை செய்து, எதிரான பலனை மறைக்காமல் வெளியிட்டாரே, அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

இந்த நம்பிக்கை ஆறுதலானது, யாருக்கும் கெடுதல் செய்யாதது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்வோர் பலர். கெடுதல் செய்யாததா? மனோபலத்தால் நோய் தீரும் என்றால், தீராதவளுக்கு மனோபலம் போதவில்லை என்பதல்லவா அதன் மறுபக்கம்? வலியால் துடிப்பவளுக்கு அழுவதற்குக்கூட உரிமை இல்லாமற் போகிறது. அழுதால், நீயே மனத்தை விட்டுவிட்டாய் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கடிந்துகொள்கிறார்கள். சாகும்போது தன் சாவுக்குத் தானே காரணம் என்ற பழியையும் சுமந்துகொண்டு அவள் சாக வேண்டியதாகிறது. இந்த ஆறுதல் சுற்றியிருப்பவர்களுக்கு. அதன் விலையைக் கொடுப்பவள் நோயாளி. அதே கனடாப் பரிட்சையில், கூடிப் பேசிய பெண்களுக்கு வலியின் உபாதையும் மனத்தின் சஞ்சலமும் குறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். தம்மைப் போன்றோரின் துணையே அவர்களுக்குச் சாந்தி அளித்தது. பொய்யான வாக்குறுதி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

மருந்தே இல்லாத மாத்திரையின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. நோயாளியை ஏமாற்றினால்தான் வெறும் மாத்திரை வேலை செய்யும் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கப்சக் என்பவரும் அவர் சகாக்களும், குடல் எரிச்சல் நோயால் அவதிப்பட்ட 80 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரிடம், இதில் மருந்து ஏதும் கிடையாது, ஆயினும் இத்தகைய மாத்திரையால் உடலே தன்னைத் தேற்றிக்கொள்ளக் கூடும் என்று விளக்கிச் சொல்லிவிட்டே மாத்திரையைக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, மாத்திரை உண்டவர்களில் 59 சதவீதத்தினர் போதிய சுகம் கண்டதாகக் கூறினர். மாத்திரை உண்ணாதவர்களில் 35 சதவீதத்தினரே அப்படிக் கூறினர். சிறிய பரிட்சைதான்; நோயாளியின் உணர்வை அளந்ததேயன்றி வேறன்று; இதைக் கொண்டு கட்டிகளைக் கரைத்துவிடலாம் என்று யாரும் எண்ணலாகாது. ஆயினும் ஆறுதலுக்கும் உண்மைக்கும் தீராப் பகை என்று நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

வியாதியைக் காட்டிலும் கடினமான இடம் மரணம். இறந்தவர் எங்கோ இருக்கிறார் என்ற நம்பிக்கையை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? ஸர் ஆலிவர் லாட்ஜ் சாமானியரல்லர். கம்பியில்லாத் தந்திக்கு அடிகோலிய பௌதிக விஞ்ஞானிகளில் ஒருவர், பர்மிங்ஹாம் சர்வகலாசாலையின் தலைவர். ஆவியுலக ஆராய்ச்சியில் முன்பே ஈடுபாடு உடையவர். 1915 செப்டம்பரில் அவர் மகன் ரேமண்ட், இருபத்தாறு வயதில், ஈப்ர நகரத்துக்கு அருகே போர்க்களத்தில் மாண்டான். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன பெண்மணிகளின் வாயிலாக மகனோடு பேசிவிட்டதாகத் தெளிந்த லாட்ஜ், அடுத்த ஆண்டிலேயே மகன் பெயரால் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில், மறுவுலகத்தில் சுருட்டும் விஸ்கியும்கூடக் கிடைப்பதாக வந்த செய்தியையும் அவர் நேர்மையோடு சேர்த்திருந்தார். பத்திரிகைகள் சிரித்தன. ஆனால் பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்த பெற்றோர் சிரிக்கவில்லை. அவர்கள் அந்தப் புத்தகத்தை மீண்டும் மீண்டும் பதிப்பிக்கும்படி வாங்கினார்கள்.

பிள்ளையை இழந்த தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தனியாக இருந்து, என் பிள்ளை எங்கோ சுகமாக இருக்கிறான் என்று நம்பியிருந்தால், அதை அவிவேகம் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் விஞ்ஞானி என்ற தம் கீர்த்தியை அந்த நம்பிக்கைக்கு ஜாமீனாக வைத்தாரே, அங்கேதான் கிளிஃபோர்டின் குரல் காதில் விழுகிறது. ஒருவருடைய நம்பிக்கை அவரோடு நிற்பதில்லை. அவரை நம்புகிறவர்களையும் அது இழுத்துச் செல்கிறது. இருட்டறைகளில் காசு வாங்கிக்கொண்டு ஆவிகளை அழைத்தவர்களிடம் எத்தனை ஏழைத் தாய்மார்களை அந்தப் புத்தகம் கொண்டுபோய் விட்டதோ!

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஸர் ஆர்தர் கானன் டாயில் இன்னும் தூரம் சென்றார். யார்க்ஷயரில் காட்டிங்க்லி என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் 1917-இல் எடுத்த வனதேவதைப் படங்களை அவர் மெய்யென்று ஏற்று, 1922-இல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அட்டையில் வரைந்து வெட்டிய பொம்மைகளைக் கொண்டைக் குண்டூசியால் நிறுத்தி எடுத்த படங்கள் அவை என்று, 1980-களில், முதுமையடைந்துவிட்ட அந்தப் பெண்களே ஒப்புக்கொண்டார்கள். 1922-ஆம் ஆண்டிலேயே, அட்லாண்டிக் ஸிட்டி கடற்கரை ஹோட்டல் ஒன்றில், டாயிலின் மனைவி, மாயாஜால நிபுணர் ஹூடினியின் காலஞ்சென்ற தாயாரிடமிருந்து செய்தி வருவதாகப் பல பக்கங்கள் எழுதித் தந்தார். தாயைத் தெய்வமாகப் போற்றிய ஹூடினி, ஏதேனும் ஒரு சொல் வராதா என்ற ஏக்கத்தோடுதான் அங்கே போய் அமர்ந்தார். வந்த கடிதம் நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பில் சிலுவைக் குறி இருந்தது. அவர் தாயாரோ ஆங்கிலம் பேசப் பழகாத யூத குருவின் மனைவி. ஏக்கம் இருந்தும், வந்ததை ஏற்க ஹூடினிக்கு மனம் ஒப்பவில்லை. அவருக்கும் டாயிலுக்கும் இருந்த நட்பும் முறிந்துபோயிற்று.

ஹூடினி இறந்த பிறகு, தாங்கள் இருவரும் முன்கூட்டிப் பேசி வைத்திருந்த இரகசியக் குறிச்சொல் வருகிறதா என்று அவர் மனைவி பெஸ் ஆண்டுதோறும் காத்திருந்தாள். 1936-இல், பத்தாவது ஆண்டில், ஹாலிவுட் ஹோட்டல் ஒன்றின் மேல்மாடியில் நடந்த முயற்சியோடு, ஒரு மனிதனுக்காகக் காத்திருக்கப் பத்தாண்டு போதும் என்ற கருத்தில் நிறுத்திக்கொண்டாள். இந்தப் பெண்மணியின் காத்திருப்பை அவிவேகம் என்று யார் சொல்ல முடியும்? எது வந்தால் ஏற்பது என்று முன்பே நிச்சயித்திருந்தாள்; கடைசியில் அது வரவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

ஜேம்ஸும் அந்தத் துக்கத்தின் வழியே நடந்தவர்தான். 1885-இல் அவருடைய மகன் ஹெர்மன், ஒன்றரை வயதுக் குழந்தை, கக்குவானில் இறந்தது. அவ்வாண்டிலேயே அவர் பாஸ்டனில் ஆவிகளோடு பேசுவதாகப் பெயர்பெற்றிருந்த பைப்பர் அம்மையாரிடம் சென்றார். அந்த அம்மையாரிடம் ஏதோ விளக்க முடியாத சக்தி இருப்பதாகவும் கருதினார். நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்று உலகமறிய வாதாடியவர், இங்கே அந்த உரிமையைப் பயன்படுத்தி மகன் பேசினான் என்று முடிவு கட்டியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகள் ஆராய்ந்தும், ஆரம்பித்த இடத்தைவிட்டு அதிக தூரம் முன்னேறவில்லை என்று 1909-இல், இறப்பதற்கு முந்திய ஆண்டில், பகிரங்கமாக எழுதினார். கணக்கைக் கடைசி வரையில் திறந்தே வைத்திருந்தார்.

சிராவஸ்தி நகரத்துக் கிசாகோதமி இறந்த குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு அலைந்தபோது, புத்தர் அவளுக்கு மறுவுலகத்தைப் பற்றி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. உன் அறிவின்மையை விடு என்று கடிந்துகொள்ளவும் இல்லை. சாவே நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு கொண்டு வரச் சொன்னார். அவள் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு வாயிற்படியிலும் ஒரு சாவைக் கேட்டு, மாலையில் கடுகில்லாமல் திரும்பினாள். குழந்தை பிழைக்கும் என்ற அவளுடைய நம்பிக்கையைப் பிறர் யாரும் பறிக்கவில்லை. சோதித்துப் பார்க்கும் வழியை மாத்திரம் புத்தர் அவள் கையில் கொடுத்தார். இதைவிட மென்மையான பிரமாண விசாரணையை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

எல்லோருக்கும் அத்தகைய ஆசான் கிடைப்பதில்லை. ஆகையால், பிறருடைய ஆறுதலை நாம் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், அவன் தெய்வத்தின் மடியில் இருக்கிறான் என்று நம்பி, அந்த நினைவால் காலையில் எழுந்து சோறாக்கி, மற்றப் பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுகிறாள் என்றால், அவளிடம் போய் ஆதாரம் எங்கே என்று கேட்பது அறிவுடைமையாகாது. அந்த நம்பிக்கையால் அவள் பெறுவது வாழ்வு, அதற்காக வேறு யாரும் எதையும் இழக்கவில்லை, அதைப் பொய்யென்று காட்டும் சாட்சியத்தையும் அவள் ஒளித்து வைக்கவில்லை. அதே தாய், இளைய குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு உடம்பு கொதிக்கும்போது, தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று விபூதியோடு உட்கார்ந்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே பரிட்சிக்க வழியிருக்கிறது, மருந்து இருக்கிறது, விலை கொடுக்கப் போவது அவளன்று. அந்தச் சமயத்தில் அவளோடு தர்க்கம் செய்துகொண்டு நிற்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். அவளுடைய நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டியதிருந்தால், காய்ச்சல் இறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம்.